நாற்காலி காலியானதும் 'நம்மாளு' தேடும் படலம்

(முன்குறிப்பு: இந்தப் பதிவில் ஃபுட்பால்னு வர்ற இடமெல்லாம் அமெரிக்கன் ஃபுட்பால். ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டிக்கிற ஆட்டம். விதிகள் தெரியாட்டி பரவாயில்லை, இங்கே ஆட்டத்தை விட ஆளுங்கதான் முக்கியம்.)

அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தோட அத்லெடிக் டைரக்டர் பதவி காலின்னு செய்தி வந்தால் போதும், ரசிகர்கள் மத்தியில் கச்சேரி ஆரம்பிச்சுடும். அடுத்தது யாரு? ஆளாளுக்கு ஒரு பட்டியல். பக்கத்து ஏர்போர்ட்டில் எந்த பிரைவேட் ஜெட் இறங்குச்சு, எந்த ஊர்லேர்ந்து கிளம்புச்சுன்னு வால் நம்பரை வச்சு துப்பறியற கூட்டம் ஒரு பக்கம். "என் மச்சான் யூனிவர்சிட்டி ஆபீஸ்ல வேலை பார்க்கிறான், உறுதியா சொல்றான்"ங்கிற கூட்டம் இன்னொரு பக்கம். நம்மூர்ல மந்திரிசபை மாற்றம் வந்தா டீக்கடையில் நடக்குமே, அச்சு அசல் அதேதான்.

பட்டியல்கள் எப்படி மாறினாலும் எல்லாத்துலேயும் ஒரு கேள்வி மட்டும் மாறாது: "அவர் நம்மாளா?" நம்ம காலேஜில் படிச்சவரா, நம்ம ஜெர்சி போட்டவரா, நம்ம பாட்டு தெரிஞ்சவரா? இந்தக் கேள்வியின் வரலாறுதான் இன்னைக்கு மேட்டர். இதுக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தை விடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. அங்கே இந்தக் கேள்விக்குத் தனியா ஒரு பேரே இருக்கு: 'மிச்சிகன் மேன்'.

முதல்ல இந்த ஏ.டி. யாருன்னு பார்த்துடலாம். நம்ம காலேஜ் பிஸிகல் டைரக்டர் மாதிரி விசில் ஊதற ஆசாமின்னு நினைச்சுடாதீங்க. கோச்சுகளை நியமிக்கிறதும் துரத்தறதும் இவர். டிக்கெட் விலை, டிவி ஒப்பந்தம், ஷூ கம்பெனி ஒப்பந்தம், பணக்கார நன்கொடையாளர்களுக்கு வணக்கம் போடறது, எல்லாம் இவர் தலையில். மிச்சிகனில் 2014 வாக்கில் இந்தத் துறையோட ஆண்டு பட்ஜெட் சுமார் 15 கோடி டாலர். 31 அணிகள். ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் உட்கார்ற ஸ்டேடியம். ஆன் ஆர்பர் ஊரில் அந்த ஸ்டேடியத்து சீட்டு தாத்தாகிட்டேர்ந்து அப்பாவுக்கு, அப்பாகிட்டேர்ந்து பிள்ளைக்குன்னு வர்ற குடும்பச் சொத்து. அதனால ஏ.டி. நாற்காலியில் யார் உட்கார்றாங்கங்கிறது அவங்களுக்கு வீட்டு விஷயம்.

சரி, ஃபிளாஷ்பேக்.

ஸ்டேடியம் கட்டினவரும், வெளியே உட்கார வைக்கப்பட்டவரும்

ஃபீல்டிங் யோஸ்ட். 1901-ல் கோச்சாக வந்தார். வந்த முதல் சீசன் முடிவில், 1902 ஜனவரி 1 அன்னைக்கு நடந்த முதல் ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று நசுக்கிவிட்டார். 1921-லிருந்து 1941 வரை இருபது வருஷம் ஏ.டி. வரிப்பணம் கேட்காமல் பத்திரங்கள் விற்று 1927-ல் மிச்சிகன் ஸ்டேடியத்தைக் கட்டினது இவர்தான். பிற்காலத்தில் பெரிசாக்க வசதியா அஸ்திவாரமும் போட்டு வச்சார். அவ்வளவு தூரம் பார்த்த மனுஷன்.

அதே மனுஷன் காலத்தில்தான் 1934-ம் நடந்தது. வில்லிஸ் வார்டுன்னு ஒரு கறுப்பின மாணவர். ஃபுட்பால் அணியில் முக்கிய ஆட்டக்காரர், தடகளத்தில் அதைவிடப் பெரிய ஆள் (அடுத்த வருஷம் ஓட்டப்பந்தயத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸையே தோற்கடித்தார்னா பார்த்துக்குங்க). தெற்கேயிருந்து ஜார்ஜியா டெக் அணி ஆன் ஆர்பருக்கு ஆட வந்தது. கறுப்பர் இருந்தால் நாங்க ஆட மாட்டோம்னாங்க. 1934 அக்டோபர் 20 அன்னைக்கு, தன் சொந்த ஸ்டேடியத்தில், வார்டு ஆடவில்லை. மாணவர்கள் கையெழுத்து வேட்டை நடத்தினாங்க, கூட்டம் போட்டாங்க. அணியில் வார்டின் நண்பரா இருந்த ஜெரால்ட் ஃபோர்டு (ஆமாம், பின்னாளில் ஜனாதிபதி ஆன அதே ஃபோர்டு) மனசு உடைஞ்சு போனார். ஒண்ணும் நடக்கலை. மிச்சிகன் 9-2 என்று ஜெயித்தது. அந்த சீசனில் அவங்க ஜெயிச்ச ஒரே ஆட்டம் அது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வார்டு அங்கே படிச்சவர், அந்த ஜெர்சியைப் போட்டவர். ரசிகர் பட்டியலில் வர்ற எல்லாத் தகுதியும் அவருக்கு இருந்தது. யோஸ்ட் படிச்சது வெஸ்ட் வர்ஜீனியாவில்! யார் 'நம்மாளு'ங்கிறதை ஏ.டி. அறைக்குள்ளே முடிவு பண்ணினாங்க. வெளியே கத்தின மாணவர்கள் சொன்னதுதான் சரின்னு இன்னைக்கு எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு அந்தக் குரலுக்கு மதிப்பில்லை. இதை மனசுல வச்சுக்குங்க, எண்பது வருஷம் கழிச்சு இதே வளாகத்துக்குத் திரும்ப வருவோம்.

சீட்டை நிரப்பினவர்

யோஸ்டுக்கு அடுத்து ஃபிரிட்ஸ் கிரைஸ்லர். சிகாகோவில் படிச்சவர், 1941-லிருந்து 1968 வரை ஏ.டி. 1956-ல் ஸ்டேடியத்தைப் பெரிசாக்கி 1,01,001 சீட்டு ஆக்கினார். கடைசியில் அந்த ஒண்ணு எதுக்குன்னு கேட்கிறீங்களா? அது கிரைஸ்லருக்கு மரியாதையாப் போட்ட சீட்டாம். எங்கே இருக்குன்னு யாருக்கும் சொல்லலை.

சீட்டு இருந்துச்சு, ஆள்தான் இல்லை. அறுபதுகளில் பல ஆட்டங்களுக்குப் பல்லாயிரம் சீட்டு காலி. 1968-ல் டான் கேனம் பதவிக்கு வந்தார். மிச்சிகனில் படிச்ச ஹைஜம்ப் வீரர், தடகளக் கோச், கூடவே விளையாட்டுச் சாமான் வியாபாரி. வியாபாரி மூளைதான் வேலை செஞ்சது. லட்சக்கணக்கில் தபாலில் விளம்பரம் அனுப்பினார். ஆண்கள் மட்டும் வர்ற ஆட்டத்தைக் குடும்பத்தோட வர்ற சனிக்கிழமை திருவிழாவா மாத்தினார். பேர் பொறிச்ச சட்டை, கோப்பைன்னு விற்கிற வழக்கத்தைப் பெரிசாக்கினார். ஆனால் ஸ்டேடியத்துக்குள்ளே ஒரு விளம்பரப் பலகை கூடக் கிடையாது.

1968 டிசம்பரில் கேனம் ஒரு கோச்சைப் பிடிச்சார். ஒஹையோவில் பிறந்து, ஒஹையோவில் இருக்கும் மயாமி பல்கலைக்கழகத்தில் படிச்சவர். மிச்சிகனுக்கு ஒஹையோன்னா எப்படி? ஜென்ம விரோதம். பேர் போ ஷெம்பெக்லர். வெளியூர்ல பலருக்குத் தெரியாத பேர். அந்த ஆளு 1969 நவம்பர் 22-ல், நம்பர் ஒன்னாக வந்த ஒஹையோ ஸ்டேட்டை 24-12 என்று கவிழ்த்தார். 1975 நவம்பரிலிருந்து அந்த ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்குக் குறைவா கூட்டம் வந்ததில்லை (கோவிட்டால் ரசிகர்களையே விடாத 2020 தவிர).

கேனமும் மகான் கிடையாது. பெண்களுக்கும் சம வாய்ப்பு கொடுக்கணும்னு 1972-ல் டைட்டில் 9 சட்டம் வந்தப்போ, ஃபுட்பால் பணம் போயிடும்னு சத்தமா எதிர்த்தவர்களில் இவரும் ஒருத்தர். 'நம்ம' அணிங்கிற வார்த்தைக்குள்ளே பெண்கள் நுழைய சட்டம் தேவைப்பட்டது.

'மிச்சிகன் மேன்' பிறந்த கதை

1988-ல் கேனம் ஓய்வு. கோச் போ ஷெம்பெக்லரே ஏ.டி. நாற்காலியிலும் உட்கார்ந்தார். 1989 மார்ச்சில், தேசிய கூடைப்பந்துப் போட்டி தொடங்கும் சமயம் பார்த்து, கூடைப்பந்து கோச் பில் ஃப்ரீடர் அரிஸோனா ஸ்டேட்டுக்குப் போறேன்னு அறிவிச்சார். போட்டியை முடிச்சுட்டுப் போறேன்னும் சொன்னார். போ விடலை. மிச்சிகன் அணியை ஒரு மிச்சிகன் மேன்தான் நடத்தணும், நீ இப்பவே கிளம்புன்னுட்டார். உதவி கோச் ஸ்டீவ் ஃபிஷர் பொறுப்பேற்று ஆறு ஆட்டத்தையும் ஜெயிச்சு, இறுதியில் ஸீட்டன் ஹாலை ஓவர்டைமில் 80-79 என்று வென்று கோப்பையைத் தூக்கினார். சினிமாக்கதை மாதிரி இல்லை?

அன்னைக்குப் பிடிச்ச பிசாசுதான் இந்த 'மிச்சிகன் மேன்'. ஆனா இதுல ஒரு வேடிக்கை இருக்கு. துரத்தப்பட்ட ஃப்ரீடர் மிச்சிகனில் படிச்சுப் பட்டம் வாங்கினவர். கோப்பை வாங்கிய ஃபிஷர் இல்லினாய் ஸ்டேட்டில் படிச்சவர். துரத்தின போ... மேலேயே சொல்லிட்டேன் :-)

போ சொன்னது நடத்தையைப் பத்தி. விட்டுட்டு ஓடறவன் வேண்டாம்ங்கிறதுதான் அவர் அர்த்தம். ரசிகர்கள் அதை பயோடேட்டாவா மாத்திட்டாங்க. எங்கே படிச்சான், யார்கிட்ட ஆடினான், அவ்வளவுதான் கேள்வி.

அந்த அளவுகோல்படி 1997-ல் வந்த டாம் காஸ் பக்கா நம்மாளு. மிச்சிகனில் ஃபுட்பால் ஆடினவர், அங்கே ஏ.டி. ஆன முதல் கறுப்பினத்தவரும் கூட. வில்லிஸ் வார்டிலிருந்து அங்கே வந்து சேர அறுபத்துமூணு வருஷம் ஆச்சு. ஆனா 1998-ல் ஸ்டேடியத்தைச் சுத்தி மஞ்சள் நிறத்தில் பிரம்மாண்ட எழுத்தோட ஒரு வளையம் வைச்சாங்க பாருங்க, ஊரே கொதிச்சுப் போச்சு. துறையில் பணப் பற்றாக்குறை வேற. 2000-ல் காஸ் போனார், அதே வருஷம் வளையமும் இறங்கியது.

அடுத்து பில் மார்ட்டின், ரியல் எஸ்டேட்காரர். பத்து வருஷம் இருந்து கணக்கை ஒழுங்குபடுத்தினார், 22.6 கோடி டாலரில் ஸ்டேடியத்தைப் புதுப்பிச்சார். ஆனா 2007 டிசம்பரில் வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து ரிச் ராட்ரிகஸைக் கோச்சாகக் கொண்டுவந்தது ரசிகர்களுக்கு உறுத்திக்கிட்டே இருந்தது. 2008-ல் 3 வெற்றி, 9 தோல்வி. "பார்த்தியா, வெளியாளு!"

எல்லாத் தகுதியும் இருந்தவர்

2010-ல் மார்ட்டின் ஓய்வு பெற்றதும் ரசிகர் பட்டியல்களில் எழுதி வச்ச மாதிரியே ஒருத்தர் வந்தார். டேவ் பிராண்டன். போவிடம் ஃபுட்பால் ஆடினவர். டோமினோஸ் பீட்ஸா கம்பெனியோட சி.இ.ஓ. பல்கலைக்கழகத்தை ஆளும் எட்டு ரீஜெண்டுகளில் ஒருத்தரா எட்டு வருஷம் இருந்தவர். (மிச்சிகனில் ரீஜெண்டுகளை மாநில மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க.) இதுக்கு மேல ஒருத்தர் எப்படி நம்மாளா இருக்க முடியும்? ஊரே கொண்டாடியது.

ஆரம்பம் ஜோர்தான். 2011 செப்டம்பர் 10-ல் ஸ்டேடியத்தின் முதல் இரவு ஆட்டம், 1,14,804 பேர், கடைசி நொடிகளில் நோட்டர் டேமுக்கு எதிரா வெற்றி. ஆண், பெண் இரண்டுக்கும் லாக்ராஸ் அணி தொடங்கினார். வருமானம் ஏறிக்கிட்டே போச்சு.

அப்புறம்தான் ஒவ்வொண்ணா உறுத்த ஆரம்பிச்சது. 2012-ல் டெக்ஸாஸில் அலபாமாவோட ஆட்டம். செலவு அதிகம், பேண்டு வாத்தியக் குழுவைக் கூட்டிப்போக முடியாதுன்னு சொன்னாங்க. கூச்சல் கிளம்பி, நன்கொடையில் போய்ச் சேர்ந்தது. 2013-ல் போட்டிப் பல்கலைக்கழகத்து ஊர் வானத்தில் விமானப் புகையால் தன் அணிக்கோஷத்தை எழுத வச்சாங்க. மாணவர் டிக்கெட் 2014-ல் 295 டாலர். சுமார் இருபதாயிரம் பேர் வாங்கின இடத்தில் பன்னிரண்டாயிரம் பேராகச் சுருங்கியது. அதே செப்டம்பரில் கோக் ரெண்டு வாங்கினா மேட்ச் டிக்கெட் ரெண்டுன்னு ஒரு 'ஆஃபர்'. இருபது வருஷமா முழு விலை கொடுத்து சீட்டு வச்சிருக்கிற ஆளுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க?

2014 செப்டம்பர் 27, மின்னசோட்டா ஆட்டம். குவார்ட்டர்பேக் ஷேன் மாரிஸ் தலையில் பலத்த அடி வாங்கித் தள்ளாடினார். டிவி பார்த்த எல்லாருக்கும் தெரிஞ்சது. அவரை ஆட்டத்தில் தொடர விட்டாங்க, வெளியே போனவரை மறுபடி உள்ளேயும் அனுப்பினாங்க. நாட்கள் ரெண்டு ஓடியும் தெளிவான பதில் இல்லை. கடைசியில் ராத்திரி ஒரு மணி சுமாருக்கு பிராண்டன் பேரில் அறிக்கை வருது, மூளை அதிர்ச்சி இருந்திருக்கலாம்னு. மறுநாள் மாணவர்கள் திரண்டாங்க, பிரசிடெண்ட் வீட்டுக்கு ஊர்வலமாப் போனாங்க. பிராண்டனை நீக்கச் சொல்லும் மனுவில் பத்தாயிரம் கையெழுத்து தாண்டியது.

அக்டோபர் கடைசியில் இன்னொரு குண்டு. குறை சொல்லி மெயில் அனுப்பின ரசிகர்களுக்கு பிராண்டன் அனுப்பின பதில்கள்னு சில வெளியே வந்தன. வேற அணியைத் தேடிக்கோங்கங்கிற தொனி. தாத்தா காலத்து சீட்டுக்காரன்கிட்ட சொல்ற வார்த்தையா இது? 2014 அக்டோபர் 31-ல் ராஜினாமா. சுமார் 30 லட்சம் டாலர் செட்டில்மெண்ட்.

1934-ல் அதே வளாகத்தில் கையெழுத்து வாங்கின மாணவர்களுக்குக் கிடைக்காதது, 2014 மாணவர்களுக்குக் கிடைச்சது. ரெண்டு தடவையும் பிரச்சினை ஒரு இளம் ஆட்டக்காரரை நிர்வாகம் எப்படி நடத்தியதுங்கிறதுதான்.

இப்போ கதையின் முக்கியமான திருப்பம். பிராண்டன் இடத்துக்கு யார் வந்தா தெரியுமா? ஜிம் ஹாக்கெட். எழுபதுகளில் போவிடம் ஃபுட்பால் ஆடினவர். ஸ்டீல்கேஸ் கம்பெனியின் முன்னாள் சி.இ.ஓ. அட, அதே பயோடேட்டா! போவோட சிஷ்யன், பெரிய கம்பெனித் தலைவர், கோச் அனுபவம் கிடையாது. காகிதத்தில் பார்த்தா பிராண்டனின் ஜெராக்ஸ்.

ஆனா ஹாக்கெட் வந்த சில வாரங்களிலேயே அடுத்த சீசன் மாணவர் டிக்கெட்டை 175 டாலருக்குக் குறைச்சார். கோச்சை மாத்தும் வேலையை ஆரவாரமில்லாமல் செஞ்சார், 2014 டிசம்பர் 30-ல் ஜிம் ஹார்பாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். 2016 ஜனவரியில் போவின் இன்னொரு சிஷ்யர் வார்ட் மானுவல் நியமிக்கப்பட்டதும் நல்ல பேரோட கிளம்பினார். ஒரே அச்சில் வார்த்த ரெண்டு நம்மாளு, ரெண்டு விதமான முடிவு. அப்போ அந்தத் தகுதிப் பட்டியலால் என்னதான் பிரயோஜனம்?

டென்னஸியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மிச்சிகன் மட்டும்தான் இப்படியான்னு கேட்டா, இல்லை. 2017 நவம்பர் 26, டென்னஸி பல்கலைக்கழகம். ஏ.டி. ஜான் கர்ரி, கிரெக் ஷியானோவைக் கோச்சாக்கப் போறார்னு செய்தி கசிஞ்சது. ஷியானோ முன்பு பென் ஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அங்கே நடந்த குழந்தைகள் வன்கொடுமை வழக்கின் ஆவணத்தில் அவருக்கு விஷயம் தெரியும்னு ஒரு கேள்விப்பட்ட பேச்சு பதிவாகியிருந்தது, அவர் அதை மறுத்தார். ரசிகர்கள், மாநில சட்டமன்ற உறுப்பினர்கள்னு எல்லாரும் கிளம்ப, சில மணி நேரத்தில் ஒப்பந்தம் முறிஞ்சது. டிசம்பர் 1-ல் கர்ரியே ஓரங்கட்டப்பட்டார். நாற்காலியில் ஃபிலிப் ஃபுல்மர். டென்னஸியில் ஆடினவர், 1998 சீசனில் தேசிய சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த கோச். நம்மாளுன்னா இப்படி இருக்கணும்!

ஃபுல்மர் கொண்டுவந்த கோச் ஜெரமி ப்ரூயிட் 16 வெற்றி, 19 தோல்வி. 2021 ஜனவரியில் ஆள்சேர்ப்பு விதிமீறல்களுக்காக நீக்கப்பட்டார், அதே நாளில் ஃபுல்மரின் ஓய்வும் அறிவிக்கப்பட்டது. (விதிமீறலில் ஃபுல்மருக்குப் பங்கில்லைன்னு பல்கலைக்கழகமே சொன்னது.) 2023-ல் என்.சி.ஏ.ஏ. விதிச்ச அபராதம் 80 லட்சம் டாலருக்கு மேல். அடுத்து வந்தவர் ஃப்ளோரிடாவிலிருந்து டேனி வைட், டென்னஸியோட ஒட்டும் உறவும் இல்லாத வெளியாளு. அவர் கொண்டுவந்த கோச் 2022-ல் அலபாமாவை 52-49 என்று தோற்கடிச்சார், பதினாறு வருஷத்தில் முதல் தடவை.

இன்னும் ஒண்ணு. 2024-ல் டென்னஸி முதன்முதலா கல்லூரி பேஸ்பால் சாம்பியன் ஆனது. அந்த கோச் டோனி விடெல்லோவை 2017 ஜூனில் நியமிச்சவர் யாரு? ஊரே சேர்ந்து துரத்தின அதே ஜான் கர்ரி.

ஆக, ரசிகர் கூச்சல் தப்புன்னு சொல்ல முடியாது. 1934-லும் 2014-லும் கூச்சல் போட்டவங்க பக்கம்தான் நியாயம் இருந்தது. அவங்க கண்ணால பார்த்த ஒரு காரியத்தைக் கேள்வி கேட்டாங்க, அதான் காரணம். ஒரு பையனை இப்படி நடத்தலாமா? அந்தக் கேள்வியில் ரசிகன் ஏமாறுவதில்லை. ஆள் தேடும் படலம் ஆரம்பிச்சதும் அதே ரசிகன் செயலை விட்டுட்டு ஜாதகத்தைப் பார்க்க ஆரம்பிச்சுடறான். எங்கே படிச்சான், யாரோட சிஷ்யன், எந்த நிற ரத்தம்.

கேனமும் வியாபாரி, பிராண்டனும் வியாபாரி. கேனம் காலி சீட்டுக்கு ஆள் தேடினார், பிராண்டன் உட்கார்ந்திருந்த ஆளோட பாக்கெட்டைத் தேடினார். இந்த வித்தியாசம் எந்த பயோடேட்டாவிலும் வராது. ஆனா அவர் முன்பு இருந்த இடத்தில் குறை சொன்னவனுக்கு என்ன பதில் சொன்னார், அடிபட்டவனை எப்படிப் பார்த்தார்னு விசாரிச்சா தெரிஞ்சுடும். விமான வால் நம்பரைத் தேடற நேரத்தில் பாதியைச் செலவு பண்ணினா போதும்.

நாற்காலி மறுபடி மறுபடி காலியாகத்தான் போகுது, பட்டியல்களும் வரத்தான் போகுது. உங்களுக்குத் தெரிஞ்ச எந்த சங்கத்திலாவது, கம்பெனியிலாவது, கட்சியிலாவது 'நம்மாளு'ன்னு கொண்டாடிக் கூட்டிட்டு வந்து கையைச் சுட்டுக்கிட்ட கதை இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே. இல்லவே இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க, நம்ப மாட்டேன் :-)